முதல் வரிசைக்கு அப்பால்

ஆகஸ்ட் 3, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. நான் உங்கள் அண்ணன் மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், துவைக்கும் இயந்திரத்தின் மூடிதான் மேசை. குழாயை லேசாகத் திறந்து வைத்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் எட்டு மணிக்கு எல்லார் போனும் தாத்தாவின் செயலாளர் மாமா அறையில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடும். தாத்தா சாப்பாட்டு மேசையில் பேசியது ஒரு தடவை செய்தியில் வந்துவிட்டது, அதிலிருந்து இந்த ஏற்பாடு.

தாத்தா இப்போது பெரிய ஆள், தெரியுமா? தேர்தலில் தோற்ற பிறகு பத்து வருடம் ஒரு நாய் கூட எட்டிப் பார்க்கவில்லை. வரவேற்பறை நாற்காலிகளுக்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். எல்லை தாண்டி ஆட்கள் வந்து குடியேற ஆரம்பித்ததும் ஒரு தொலைக்காட்சிக்காரர் கூப்பிட்டார். மக்கள்தொகை அமைச்சராக இருந்து “குறைச்சுப் பெத்துக்கங்க” என்று ஊர் ஊராகச் சொன்னவரே, “வந்தவங்க பெருகுறாங்க, நாம தேயுறோம், நம்ம பொண்ணுங்க சீக்கிரம் கல்யாணம் பண்ணி நாலு பெத்துக்கணும்” என்று பேசியதும் பிய்த்துக்கொண்டு போனது. வாரம் மூன்று விவாதம். கணக்கு ஐயா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இன்று மாலை நானும் அப்பாவும் அம்மாவும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விவாதம் நடத்தும் பெண் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஊருக்குத்தானா ஐயா இந்த உபதேசம்? உங்க வீட்ல?”

தாத்தா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“எங்க வீட்லயும் ஒரு பேத்தி இருக்காம்மா. அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. முடிஞ்ச கையோட கல்யாணம். முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்.”

அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை, அந்தப் பேத்தி நான்தான் என்று புரியவே எனக்கு நேரம் ஆனது. அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். சத்தம்தான் பிரச்சினை என்பது போல.

தாத்தா வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். “சும்மாத்தானே தாத்தா சொன்னீங்க?”

அவர் கோபப்படவே இல்லை. என் தலையைத் தடவினார். “மேடையில சொன்ன சொல்லு வில்லுல விட்ட அம்பு, சுண்டு. தாத்தா என்னைக்காவது திரும்ப எடுத்திருக்கேனா?”

எடுத்ததில்லை. ஆறே இல்லாத ஊரில் பாலம் கட்டித் தருவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டு, கட்டியும் கொடுத்தவர் அவர். அதற்குக் கீழே இப்போது மாடுகள் நிழலுக்குப் படுக்கின்றன. அந்தக் கதையைச் சொல்லி நானே எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்!

நான் கல்லூரியில் நிலவியல் படிக்கப்போகிறேன் அத்தை. நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

உங்கள் முகவரியை யார் கொடுத்தார்கள் என்று சொல்லக் கூடாது. ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை. அம்மா பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, நுரையோடு சொன்னாள். மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

பதிலை இந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உறையில் உள்ள முகவரி என் தோழி ஊசியின் அம்மா வைத்திருக்கும் தையல்கடை. அவர்கள் வந்தவர்கள்தான். தாத்தாவின் ஆட்கள் அங்கே தேட மாட்டார்கள்.

யாரோ நடக்கிறார்கள். நிறுத்துகிறேன்.

சுண்டு

ஆகஸ்ட் 12

அண்ணன் மகளுக்கு,

கடிதம் வந்தது. மூன்று நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. இதை எழுதியது நீதானா, அந்த வீட்டுச் செயலாளரா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் தாத்தாவுக்கு எப்போதும் கண்ணீர் விடும் ஒரு குடும்பக் காட்சி தேவைப்படும். பிரிந்த மகள் திரும்பினாள் என்றால் ஒரு வாரம் ஓட்டலாம்.

உன் அம்மா பல் தேய்த்தபடி ரகசியம் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய் பார், அதை மட்டும் நம்புகிறேன். அதை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

நான் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இந்த நாட்டுக்கு நானும் வந்தவள்தான். மாதம் ஒருவராவது ஏறும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க ஊருக்கே போய் ஓட்டு” என்பார். “பின்னாடி நகருங்க, இடம் இருக்கு” என்பேன்.

பதினெட்டு முடிந்தால் உன் கையெழுத்து இல்லாமல் யாரும் உனக்குக் கல்யாணம் செய்ய முடியாது. அதைப் பிடித்துக்கொள். அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். நானும் அவருடைய ரத்தம்தான், சொன்னால் சொன்னதுதான்.

இனி எழுதாதே.

உன் அத்தை

ஆகஸ்ட் 19, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்?

கையெழுத்துச் சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் சட்டத்துக்கு நாற்காலி கிடையாது. நேற்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கட்சியில் பெரிய புள்ளி. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை, பாவம், அவருக்கும் என்ன ஆணையோ. அவருடைய அம்மா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, “நாலு தாங்குவா” என்று சிரித்தார். என் முன்னாலேயே, அத்தை. சந்தையில் நிற்பது போல இருந்தது. அம்மா கையில் இருந்த டீ தட்டு ஆடி, எல்லாக் கோப்பையும் சத்தம் போட்டது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு.

போன மாதம் சாப்பிடும்போது தாத்தாவிடம் சொன்னேன்: “ஊசி வீட்ல ராத்திரி எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்கிட்டு விடிய விடியக் கதை பேசுவாங்க தாத்தா, எனக்குப் பொறாமையா இருக்கு.” எனக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை அல்லவா, அதனால் சொன்னேன். அதைத் தாத்தா வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். என் பொறாமையை விட்டுவிட்டார். “என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தையல்கடையில ஒரே ரூமுக்குள்ள ஏழு பேர். நான் சொல்றது பொய்யா இருந்தா நீங்களே ஒவ்வொரு வீடாப் போய் எண்ணுங்க” என்றார்.

எண்ணினார்கள். சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் வந்தவர்கள் வீட்டுக் கதவுகளிலெல்லாம் சிவப்புச் சாயத்தில் எண்கள். ஐந்து, ஒன்பது, நான்கு. ஊசி வீட்டுக் கடை இரும்புக் கதவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஏழு.

அவர்கள் ஐந்து பேர்தான்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஊசிதான் என்னைத் தேற்றினாள். “விடுடி. ரெண்டு தையல் மெஷினையும் சேர்த்து எண்ணிட்டாங்க போல.” அவள் அம்மா என் சீருடைப் பாவாடையை வாங்கி மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். கையில் ஊசி ஏறி ரத்தம் வந்தது, அதையும் துடைத்துக்கொண்டு தைத்தார். அன்றைக்கும் உங்கள் கடிதத்தைத் துணி மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

தாத்தாவிடம் போய் ஏழு இல்லை, ஐந்து என்று சொன்னேன். “இருக்கட்டும் சுண்டு, இன்னும் ரெண்டு பொறக்கும்ல” என்று சொல்லிவிட்டு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நார் எல்லாம் எடுத்து, சுத்தமாக. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கொடுப்பார். அதை நான் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

அத்தை, உங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டை? கேட்டால் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

சுண்டு

ஆகஸ்ட் 29

மருமகளே,

இந்த வார்த்தையை எழுத எனக்குப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் கை கூசவில்லை. பயப்படாதே, என் மகனுக்கு உன்னைக் கேட்கவில்லை. அவன் வேறு ஒருத்தி பின்னால் அலைகிறான்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படி.

அவர் அமைச்சராக இருந்தபோது சுவருக்குச் சுவர் எங்கள் படம்தான். அவர், அம்மா, அண்ணன், நான். அளவான குடும்பம். ஒரு கூட்டத்தில் எவனோ எழுந்து கேட்டான்: “எங்களை ஒண்ணு போதும்ங்கறீங்க, உங்க வீட்ல ரெண்டு இருக்கே?” அவர் யோசிக்கவே இல்லை. “எனக்கு ரெண்டு. என் மகனும் மகளும் ஒண்ணோட நிறுத்திக்குவாங்க. இது என் வாக்கு” என்றார். கூட்டம் அதிர்ந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவனுக்கு மூன்று வயது. மறுபடியும் உண்டானேன். ஐந்தாம் மாதம். இடைத்தேர்தல் நேரம். எதிர்க்கட்சிக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். உன் மாமா வெளியூரில். ஒரு காலையில், “சும்மா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாம்” என்று காரில் ஏற்றினார்கள். சும்மா என்றார்கள். ஏறினேன்.

ஓட்டியது உன் அப்பா.

திரும்பி வரும்போதும் அவன்தான் ஓட்டினான். நான் பின் இருக்கையில் படுத்திருந்தேன். யாரும் எதுவும் பேசிவிடக் கூடாது என்று பாட்டைச் சத்தமாக வைத்தான். வழி முழுக்கப் பாட்டு.

உன் தாத்தா அன்று மாலை பிரச்சாரத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஆரஞ்சு உரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நார் எல்லாம் எடுத்து.

நீ அப்போது உன் அம்மா வயிற்றில். அவள்தான் குளியலறையில் பல் தேய்த்தபடி என்னிடம், “போயிடு” என்றாள். உன் மாமா வந்த அன்றே மூவரும் எல்லை தாண்டினோம். உனக்குத் தம்பி தங்கை இல்லாததும் தற்செயல் இல்லை, மருமகளே. நீ பொறாமைப்பட்டாயே அந்த அறை, அதை உன்னிடமிருந்து எடுத்தது ஊசி வீட்டார் இல்லை.

இங்கே வந்து நான் முதலில் செய்தது ஓட்டக் கற்றுக்கொண்டதுதான். அதற்குப் பிறகு இன்னொருவர் ஓட்டும் வண்டியில் நான் ஏறியதில்லை. உன் மாமா ஓட்டினால் கூட வேண்டாம் என்பேன். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

இதையெல்லாம் ஏன் உன்னிடம் சொன்னேனோ. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

அத்தை

செப்டம்பர் 5, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

நான்கு தடவை படித்தேன். பிறகு உங்கள் கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். மனப்பாடம் ஆகிவிட்டது, அம்மாவைப் போல.

அப்பா காரில் பாட்டே போட மாட்டார். நான் சின்ன வயதில் அழுது அடம் பிடித்தும் போட்டதில்லை. ரேடியோ கெட்டுப்போச்சு என்பார். புதுக் கார் வாங்கிய பிறகும் கெட்டுப்போச்சு என்றார். இன்று சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். “ஏம்ப்பா நம்ம கார்ல பாட்டே கேக்குறதில்ல?”

கையைக் கழுவாமல் எழுந்து போய்விட்டார். அம்மா என்னையே பார்த்தாள். தாத்தா, “சாப்பிடு சுண்டு, ஆறிடும்” என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்கும் அத்தை. அதுதான் தாங்க முடியவில்லை. பேய் என்றால் பயந்து ஓடிவிடலாம், இவர் என் சளிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் பெரிய கூட்டம். ‘நம் எண்ணிக்கை நம் கையில்’ என்று தட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியில் மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு அறிவிக்கப்போகிறார். அறிவித்துவிட்டால் முடிந்தது. பாலத்தையே கட்டியவர்.

நானும் மேடையில் இருப்பேன். எப்போதும் எனக்கு ஒரு வேலை உண்டு: தாத்தாவின் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பது. பழைய சுவர்ப் படத்தில் கண்ணாடி இல்லை, அதனால் மேடையில் போட மாட்டார். முதல் வரிசைக்கு அப்பால் அவருக்கு எல்லாம் கஞ்சி போலக் கலங்கித்தான் தெரியும். கைதட்டும் பக்கம் பார்த்துச் சிரிப்பார். அறிவிப்புக்கு முன்னால் கேள்வி நேரம். கூட்டத்தின் நடுவில் ஒலிவாங்கி வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நான் என்ன செய்ய? எழுந்து கத்தினால் குரல் வருமா? எனக்கு வகுப்பில் பாடம் ஒப்பிக்கவே குரல் வராது.

சுண்டு

செப்டம்பர் 8

மருமகளே,

நீ ஒன்றும் செய்யாதே. கத்தாதே.

அப்பா இப்போதும் மேடையில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறாரா? நிச்சயமாகத் தெரியுமா? ஒலிவாங்கி முதல் வரிசைக்கு எவ்வளவு பின்னால் இருக்கும்? பதில் எழுத நேரம் இல்லை. ஊசியின் அம்மா கடைக்குப் போன் செய்கிறேன், அவளிடம் சொல்லி அனுப்பு.

அத்தை

செப்டம்பர் 16, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

பேருந்து நிலையத்தில் நீங்கள் என்னைப் பார்க்கக் காத்திருக்கவில்லை என்று ஊசி சொன்னாள். பரவாயில்லை. நான் உங்களைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் ஒலிவாங்கி முன்னால் வந்து நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர்ப் படத்தில் இருக்கும் அதே நெற்றி. முடி மட்டும் நரைத்திருந்தது.  கண்ணாடிக் கூடு என் மடியில். திறந்து நீட்டினால் போதும், தாத்தா வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். நான் கூட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

“ஐயா, நம்ம ஆளுங்க குறையுறாங்கன்னு சொல்றீங்க. எனக்கு இன்னொரு பிள்ளை இருந்திருக்கணும். எங்க வீட்டுப் பெரியவர் என்னைப் பத்தி ஊர் முன்னாடி ஒரு வாக்குக் கொடுத்துட்டார். அதைக் காப்பாத்த என் வயித்துல இருந்ததை அழிச்சுட்டாங்க. அவர் செஞ்சது சரியா?”

 தாத்தா உங்கள் பக்கம் குனிந்தார்.

“எத்தனை மாசம்மா?”

“அஞ்சு.”

குரல் கூடவா தெரியாது, அத்தை? பெற்ற பெண்ணின் குரல்! ஒலிபெருக்கியில் மாறிவிட்டதா, இல்லை அவர் காதுக்கும் முதல் வரிசைதான் எல்லையா? அவர் மேசையைத் தட்டினார். எப்போதும் கைதட்டல் வரப்போகும் இடத்தில் தட்டுவார்.

“கேட்டீங்களா இந்த அம்மாவை! ஒரு பொண்ணோட வயித்தைப் பத்தி ஊர் முன்னாடி வாக்குக் கொடுக்க எவனுக்கு அதிகாரம்? அப்பனா இருந்தாலும் சரி, தாத்தனா இருந்தாலும் சரி, அவனை நான் மனுஷக் கணக்குலயே சேர்க்க மாட்டேன்!”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. முதல் வரிசையில் ஒரு பழைய கட்சிக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் திரும்பி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மேடை ஏறி வந்து தாத்தாவின் காதில் ஏதோ சொன்னார்.

தாத்தா சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். சிரிப்பு மட்டும் கழன்று விழ நேரம் ஆனது. பிறகு, திரும்பிப் பார்க்காமல், கையை எனக்கு முன்னால் நீட்டினார். மேடையில் அவர் கண்ணாடி கேட்டு நான் பார்த்ததே இல்லை. கொடுத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தார்.

நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் அதைச் சுற்றி அத்தனை முகங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். செயலாளர் மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் தயாராக இருந்தார். தாத்தா, “கூட்டம் முடிஞ்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா வந்து கத்தினார். “நாலு கோடிப் பேர் பாக்க வாக்குக் கொடுத்தீங்களே ஐயா!”

தாத்தா சொன்னார்: “அதுக்கப்புறம் மேடையில வேற சொல்லிட்டேன்.”

அவ்வளவுதான். என் கல்யாணம் நின்றுபோனது. ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் இன்னொரு சொல்லை வெட்ட வேண்டியதாயிற்று. பாலத்தை இடித்தது போலத்தான்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டே அன்று மாலை கேட்டார். “நீ பாத்தே இல்ல? கண்ணாடி உன் மடியிலதானே இருந்துச்சு.”

“ஆமா தாத்தா.”

உரித்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் சாப்பிடவில்லை.

நல்லது மட்டும் எழுத வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் மறுபடியும் விவாதம். தாத்தா போனார். பெண்கள், கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களைப் பற்றி மட்டும், முன்னைவிடச் சத்தமாக. வேறு பேச அவருக்கு எதுவும் மிச்சம் இல்லை போல. என்னை விட்டுவிட்டார் அத்தை, ஊசியை விடவில்லை. அன்று இரவு கடைக் கதவை நெம்பி, தையல் மெஷின் இரண்டையும் தெருவில் போட்டு உடைத்துவிட்டார்கள். காலையில் ஊசி கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள்: “இப்போ கணக்கு சரியாயிடுச்சுடி. அஞ்சுதான்.” அவளால் அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை. நாளை வேறு ஊருக்குப் போகிறார்கள். எந்த ஊர் என்று என்னிடம் கூடச் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். நான் சாப்பாட்டு மேசையில் பேசுகிறவள்.

நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். யாரோ ஓட்டிய பேருந்தில்தானே ஏறி வந்திருக்கிறீர்கள்.

இனி தையல்கடை முகவரிக்கு எழுத முடியாது. வேறு முகவரி தேட எனக்கும் மனம் இல்லை. குழாயை மூடிவிட்டேன். செயலாளர் மாமா கதவுக்கு வெளியே நிற்கிறார், நிழல் தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுவேன்.

அடுத்த கடிதத்தை நேராக இந்த வீட்டுக்கே அனுப்புங்கள். வந்த தபாலை முதலில் வாங்குவது தாத்தாதான். அனுப்புவது யார் என்று உறையின் மேல் பெரிதாக எழுதுங்கள் அத்தை, கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு.

உங்கள் மருமகள்